அழிக்கச் சொன்ன குரல்

என் பேத்தி டெனிகா அன்று விடிவதற்குள் எழுந்து, ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். படம் மதியம் இரண்டு மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து தியேட்டர் இருக்கிற ப்ரூம் நகரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான்.

"இன்னும் சூரியனே வரலை. இறங்கி வந்து ரொட்டி தின்னு" என்றேன்.

"நீ போய்த் தின்னுட்டு வா ஞாமி. நான் வண்டியைப் பாத்துக்கிறேன்."

ஆறு வயது. அந்த வண்டியை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான்? கதவைத் திறக்கவே ஒரு உதை விட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைப் பழங்குடிகள் நாங்கள். எங்களில் தாயின் தகப்பனை ஞாமி என்போம். மகள் வயிற்றுப் பிள்ளையையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவோம். நான் அவளுக்கு ஞாமி, அவள் எனக்கு ஞாமி. அதனால் எங்கள் இரண்டு பேரில் யார் பெரியவர் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. வீட்டில் அவள்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் போகவிருந்தது ஒரு கார்ட்டூன் படத்துக்கு. சங்கைத் தொலைத்துவிட்ட ஒரு குட்டி நண்டு, அதைத் தேடிக் கடல் முழுக்க அலைகிற கதை. அந்த நண்டை முதுகில் சுமந்துகொண்டு போகிற கிழட்டு ஆமை ஒன்று வரும். அந்த ஆமைக்குக் குரல் கொடுத்தது டெனிகாவின் அம்மா. அதாவது, டெனிகா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் படத்தில் இல்லை. படத்தில் மட்டுமல்ல, உலகத்தில் எங்கேயும் இல்லை. அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். இது அவளுக்குத் தெரியாது. போகிற வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வண்டியைக் கிளப்பினேன்.

அவளுடைய அம்மா என் மூத்த மகள். பெயரைச் சொல்ல மாட்டேன். போனவர்களின் பெயரை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. அதே பெயர் உள்ள ஒருத்தி எங்கள் ஊர்க் கடையில் கல்லாவில் நிற்கிறாள். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அவளை எல்லோரும் கல்லாக்காரி என்றுதான் கூப்பிடுகிறோம். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக்காட்டும் வேலை பார்த்தாள். பெர்த்திலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர்கள் கடலையும் பாறையையும் வரைந்துகொண்டு போக வந்தவர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் படிப்பதைக் கேட்டார்கள். ஆமைக்கு இந்தக் குரல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நான்கு நாள் பெர்த்துக்குக் கூட்டிப் போய்ப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. "நாம ஆமையைத் தின்கிற ஜனம். அது வாயில உன் குரலை வைக்கப் போறாங்களா?" என்றேன்.

"இது தின்கிற ஆமை இல்லப்பா. பேசுற ஆமை."

"பேசிச்சுன்னா விட்டுருவோமா? அது பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறம் தின்போம்."

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு இருமல் மாதிரி ஆரம்பிக்கும். ஏதோ தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நாம் தண்ணீர் எடுக்கப் போவோம், அதற்குள் அது சிரிப்பாகிவிடும். குரலும் அப்படித்தான், கரகரப்பு. பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியைத்தான் நமக்குத் தருவாள். அதில் என்ன கண்டார்களோ என்று அன்று நினைத்தேன்.

சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஒருமுறை அறுத்துச் சரிசெய்தார்கள். இரண்டாவது முறை அறுக்கப் பெர்த்துக்குப் புறப்படும்போது டெனிகாவை மடியில் உட்கார வைத்துச் சொன்னாள்: "படம் வர்றப்ப ஞாமி உன்னைக் கூட்டிட்டுப் போவாரு. ஆமை வாயைத் திறக்கிறப்ப கண்ணை மூடிக்கோ. நான்தான் பேசுவேன்."

அவளைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது டெனிகாவுக்கு நாலரை வயது.

அவள் ஆவி அமைதியாகப் போகட்டும் என்று வீட்டுக்குப் புகை போட்டோம். அவளுடைய துணியும் போனும் அவளோடு குழிக்குள் போயின. போட்டோக்களைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இதெல்லாம் வழக்கம். ஆனால் என் இளைய மகள் பெர்னாவின் போனில் அக்காளின் பேச்சு நிறைய இருந்தது. பெர்னா அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக அழிக்க வைத்தேன். அழித்து முடித்துவிட்டு அவள் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை.

அப்புறம்தான் படக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மெரிடித் என்று ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"உங்க வழக்கம் எங்களுக்குத் தெரியும் ஐயா. அவங்க குரலைப் படத்துல வச்சுக்கலாமா, வேற ஆளை வச்சு மாத்தணுமா, நீங்கதான் சொல்லணும். அவசரமே இல்லை. மார்ச் மாசம் வரைக்கும் யோசிக்கலாம்."

"மாத்துங்க."

"சரிங்க ஐயா. பதிவு பண்ணினதை நாங்க பூட்டி வைக்கிறோம். உங்களுக்கு எப்ப வேணும்னு தோணுதோ அப்ப…"

"அழிச்சிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

படிவம் ஒன்று வந்தது. பெர்னா அதை என் கையிலிருந்து பிடுங்கி, "அப்பா, ஒரு வருஷம் போகட்டும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள். நான் அதைத் திரும்பப் பிடுங்கி வண்டியின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

யார் கேட்டாலும் வழக்கம் என்று சொன்னேன். அது பாதிப் பொய். எங்கள் பெரியவர்கள் ஒன்றையும் அழிக்கச் சொல்லவில்லை. எடுத்து வை என்றார்கள். துக்கம் ஆறும்வரை கண்ணிலும் காதிலும் படாமல் வை, குடும்பம் கூடிச் சரி என்று சொல்லும் நாளில் வெளியே எடு என்றார்கள். என் அக்காவின் போட்டோ ஏழு வருஷம் பெட்டிக்குள் கிடந்துவிட்டு இப்போது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தினமும் அவளுக்குக் காலை வணக்கம் சொல்கிறேன். வழக்கத்துக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை. என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்க, அவள் குரல் மட்டும் ஏதோ நகரத்தில் ஒரு இயந்திரத்துக்குள் உட்கார்ந்து ஆமைக் கதை பேசிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விஷயத்தில் அந்த மட்டும்கூட இல்லை.

இந்த வருஷம் மே மாதம் பள்ளிக்கூடத்துச் சுவரில் படத்தின் போஸ்டரை ஒட்டினார்கள். ஓரத்தில் ஆமை. டெனிகா வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய், ஆமையின் வாயில் விரலை வைத்து, "இதுக்குள்ள எங்கம்மா இருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு பையன் நம்பவில்லை. அவனைக் கடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஆயிரம் பேர் பேசினாலும் அம்மா குரலை நான் கண்டுபிடிச்சிடுவேன், இல்ல ஞாமி?" என்றாள்.

மறுநாள் மெரிடித்துக்குப் போன் செய்தேன். எங்கேயாவது ஒரு துண்டு, ஒரு இருமல் இருந்தால்கூடப் போதும் என்றேன்.

"மூணு இடத்துல வச்சிருந்தோம் ஐயா. மூணுலயும் அழிச்சாச்சு. உங்க கையெழுத்து இருந்ததால ஒண்ணும் விட்டுடக் கூடாதுன்னு நானே பக்கத்துல நின்னு பாத்தேன்." அப்புறம் அழுதாள். "மன்னிச்சிடுங்க ஐயா."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குறே? சொன்னதைச் செஞ்சே."

என் எழுபது வருஷத்தில் நகரத்து வெள்ளைக்காரர்கள் நான் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல் செய்தது அந்த ஒருமுறைதான்.

பெர்னா அன்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "படத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி புள்ளைகிட்ட சொல்லிடுங்கப்பா. அங்க போய் வேற குரலைக் கேட்டா ஒடைஞ்சு போயிடுவா." நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். பள்ளி விடுமுறை வந்தது, படமும் வந்தது. பெர்னா வண்டிக் கதவைச் சாத்தும்போது என் காதில், "இருநூறு கிலோமீட்டர் இருக்கு. அதுக்குள்ள சொல்லலேன்னா நீங்க மனுஷனே இல்லை" என்றாள்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் டெனிகா வாய் மூடவில்லை. படத்தில் திமிங்கலம் வருமா, நண்டுக்குப் பல் உண்டா, தியேட்டரில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் படத்தை நிறுத்துவார்களா. அம்மா ஆமைக்குக் குரல் கொடுத்ததிலிருந்தே அவள் ஆமைக் கறி தின்பதை விட்டுவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி ஆமை சுட்டபோது, தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அது யாரோட அம்மாவா இருக்குமோ" என்று சொல்லி அத்தனை பேர் வாயையும் கட்டிவிட்டாள். அந்தக் கறி அன்று மிஞ்சிப் போனது. எங்கள் ஊர் சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை.

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினதும் நான் ஆரம்பித்தேன்.

"ஞாமி, ஒரு விஷயம்."

"சொல்லு."

"இந்தப் படத்துல எல்லாம் சில சமயம் குரலை மாத்திடுவாங்க."

"ஏன்?"

"சரியா விழலைன்னா."

"அம்மாது நல்லா விழும். அம்மா சத்தமாதானே பேசுவா? நீதானே திட்டுவே, மீன் ஓடிடும், மெதுவா பேசுன்னு."

சாலையில் மாடு நிற்பதைப் பார்க்கிற மாதிரி முன்னால் உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மாடு ஒன்றும் இல்லை.

பெட்ரோல் போட நிறுத்தினபோது ஒருமுறை வாயைத் திறந்தேன். அவள் ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு ஆமை வரைந்துகொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன். ப்ரூமுக்குள் நுழைந்து, கறி அடைத்த மீட் பை வாங்கிக் கொடுத்து, நிழலில் உட்கார்ந்து அவள் தின்னும்போது மூன்றாவது முறை. அவள் சாஸை மூக்கு வரைக்கும் பூசிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதலையைப் பார்த்துக்கூட நான் பின்வாங்கினதில்லை. ஒரு ஆறு வயதுப் பிள்ளை முன்னால் கோழையாக உட்கார்ந்திருந்தேன்.

தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற பெண், "பெரியவர் ஒண்ணு, குழந்தை ஒண்ணா?" என்றாள்.

டெனிகா கவுண்டரின் விளிம்பைப் பிடித்து எம்பி நின்றாள். "எனக்குமா டிக்கெட்? எங்கம்மா படத்துல இருக்கா. ஆமை."

"அப்படியா? அப்ப நீ பெரிய ஆளாச்சே" என்று அந்தப் பெண் ஒரு பொட்டலம் சோளப் பொரியைச் சும்மா கொடுத்தாள். நான் அதை வாங்கும்போது ஒரு திருடன் நின்றது மாதிரி நின்றேன்.

உள்ளே விடுமுறைக் கூட்டம். பாதி வெள்ளைக்காரச் சுற்றுலாக் குடும்பங்கள், பாதி எங்கள் ஜனம். டெனிகாவுக்கு வலது பக்கம் ஒரு தாய் தன் மகனோடு உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது. எங்கள் ஜனத்தில் இறந்துபோன யாருடைய முகமாவது குரலாவது ஒரு படத்தில் இருந்தால், ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டு எச்சரிப்பார்கள். பார்க்கக் கூடாதவர்கள் எழுந்து போகலாம். அந்த எழுத்துக்காக என் கண் தானாகவே காத்திருந்தது. எழுத்து வரவில்லை. அது வருவதற்கான காரணத்தைத் துடைத்துப் போட்டவனே நான்தானே.

நண்டு வந்தது. சங்கைத் தொலைத்தது. ஒரு கூழைக்கடா நண்டை அலகில் கவ்விக்கொண்டு பறந்து, பிடி நழுவி ஒரு பெரிய சுழலில் போட்டது. பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தின. டெனிகா கத்தவில்லை. இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். சோளப் பொரியைத் தொடவே இல்லை.

சுழலுக்கு அடியிலிருந்து ஒரு பாறை எழும்பி வந்தது. பாறை இல்லை, ஆமை. டெனிகா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள்.

ஆமை வாயைத் திறந்தது.

நல்ல குரல். குறை சொல்ல மாட்டேன். யாரோ பெர்த்துக்காரி. பாடிப் பழகின, வழுவழுப்பான குரல். ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாகச் சொன்னாள், ஒன்றையும் விழுங்கவில்லை. "பயப்படாதே சின்னவனே, என் முதுகில் ஏறிக்கொள்" என்றாள். என் மகளாக இருந்திருந்தால் "ஏறு, ஏறு, அழுவாச்சி" என்றிருப்பாள்.

நான் டெனிகாவைப் பார்த்தேன். இதோ கத்தப் போகிறாள், எங்கம்மா எங்கே என்று கேட்கப் போகிறாள். தூக்கிக்கொண்டு வெளியே ஓட ஒரு காலை வழியில் நீட்டி வைத்திருந்தேன். வெளியே போய் அவள் காலில் விழுவதாக இருந்தேன். நான்தான் செய்தேன், என்னை அடி என்று சொல்வதாக இருந்தேன்.

அவள் கத்தவில்லை. கண்ணை மூடியபடியே சிரித்தாள்.

"வந்துட்டா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. யார் வந்துவிட்டார்கள்? அவள் கண்ணைத் திறந்து, வலது பக்கத்துத் தாயின் கையைத் தட்டி, "அதுதான் எங்கம்மா" என்றாள்.

"அப்படியா கண்ணு? எவ்வளவு அழகா பேசுறாங்க" என்றாள் அந்தப் பெண். டெனிகாவைத் தாண்டி என்னைப் பார்த்து, "உங்க மகளா? நீங்க குடுத்து வச்சவர்" என்றாள்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. தப்பித்தேன் என்று நினைத்தேன். நீட்டின காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. பிள்ளைக்கு மறந்துவிட்டது. ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு சிரிப்புக் கேட்காமல், அவளுக்குள் இருந்த அம்மாவின் குரல் தேய்ந்து போய்விட்டது. பெர்னாவின் போனில் அழித்தேன், பெர்த்தில் அழித்தேன். மிச்சம் இருந்தது இந்தப் பிள்ளையின் தலைக்குள்தான். அங்கேயும் அழிந்ததற்கு யார் கையெழுத்து?

அது அவள் இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. திரையைப் பார்த்து, அந்த வழுவழுப்புக்காரியைப் பார்த்து, இறங்கு என் மகள் இடத்திலிருந்து என்று கத்த வேண்டும் போலிருந்தது. பாதி எழுந்தேவிட்டேன். பின்னாலிருந்து யாரோ, "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்றார். உட்கார்ந்தேன்.

மீதிப் படம் முழுக்க டெனிகா, ஆமை பேசும்போதெல்லாம் கண்ணை மூடினாள். நண்டு பேசும்போது திறந்தாள். கடைசியில் நண்டுக்குச் சங்கு கிடைத்தது. ஆமை அதனிடம் விடைபெற்றுக்கொண்டு ஆழத்துக்குள் போனது. டெனிகா திரைக்குக் கையசைத்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். ஆனால் அவ்வளவு சந்தோஷமான முகத்தை அந்தப் பிள்ளையிடம் நான் இவ்வளவு நாளாகப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் பெர்னாவின் போன்.

"சொன்னீங்களா?"

"இல்லை."

"அய்யோ. கண்டுபிடிச்சு அழுறாளா? போனை அவகிட்ட குடுங்க."

"அழலை. சந்தோஷமா இருக்கா."

"எப்படி சந்தோஷமா…" என்றவள் நிறுத்திவிட்டாள். "அப்பா. அவளுக்கு மறந்துடுச்சா?"

"ஆமா."

பெர்னா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. போனுக்குள் அழுதாள். நான் தியேட்டர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். டெனிகா கொஞ்ச தூரத்தில் நடைபாதையில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்கப்பா" என்றாள் பெர்னா கடைசியில். "இப்பவே சொல்லிடுங்க. அது அக்கா இல்லைன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா எவளோ ஒருத்தியைத்தான் அவ காலம் பூரா அம்மான்னு நினைச்சுட்டு இருப்பா. நாம என் அக்காவை இன்னொரு தரம் புதைக்கிற மாதிரி ஆயிடும். நான் இருக்கேன். அக்கா எப்படிப் பேசுவான்னு நான் பேசிக் காட்டுறேன். ஓரளவுக்காவது வரும்."

அவள் சொன்னது நியாயம். எனக்கு வேறு யோசனையே இல்லை. இந்த முறை சொல்லிவிட வேண்டும். பொய் மேல் பொய் அடுக்கி அந்தப் பிள்ளையை அதன் மேல் உட்கார வைக்க முடியாது.

ப்ரூமைத் தாண்டி முதல் வளைவிலேயே, தைரியம் போவதற்குள், ஆரம்பித்தேன். வெயில் சாய்ந்து சிவப்பு மண்ணெல்லாம் கண்ணில் அடித்தது.

"ஞாமி, அந்த ஆமை பேசிச்சு பாரு…"

"ஞாமி, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவள் குறுக்கே வந்தாள். "நீ திட்டக் கூடாது."

"திட்டலை. சொல்லு."

"நான் பொய் சொன்னேன். ஆயிரம் பேர்ல கண்டுபிடிச்சிடுவேன்னு சொன்னேன்ல? அது பொய். எனக்கு அம்மா குரல் மறந்து போச்சு."

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"ரொம்ப நாளாவே மறந்து போச்சு. ராத்திரியில யோசிச்சு யோசிச்சுப் பாப்பேன், வரவே வராது. சித்தி குரல்தான் வரும். சில நாள் டீச்சர் குரல் வரும். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா அம்மாவுக்குக் கோவம் வருமோன்னு பயமா இருந்துச்சு. படத்துல கேட்டும் தெரியலேன்னா என்ன பண்றதுன்னு காலையில எனக்கு வயித்த வலிச்சுது. அதான் சீக்கிரமே வண்டியில வந்து உக்காந்துட்டேன்." அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டு, இருக்கையில் சாய்ந்து, காலை முன்னால் நீட்டினாள். "ஆனா ஆமை வாயைத் திறந்த உடனே எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு ஞாமி. அம்மா இப்படித்தானே பேசுவா? இதேதானே?"

என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதேதான்" என்றேன்.

"இனிமே மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வழுவழுப்பான குரலில், ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல், "பயப்படாதே சின்னவனே, என் முதுகில் ஏறிக்கொள்" என்று பேசிக் காட்டினாள். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். அம்மா மாதிரியே இருக்கிறது என்றேன். ஊர் வந்து சேரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் வண்டியை ஓட்டினேன்.